டாக்டருக்கும் கோபம் வரும்

"சாகப்போறேன்னு அவ சொல்றது இது எத்தனாவது தடவை? சும்மா மிரட்டறா, கண்டுக்காதீங்க!"

இந்தப் பேச்சைக் கேட்காத பெண்கள் நம்மில் குறைவு. சொல்பவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மாசக்கணக்கில் தூங்காமல் காவல் இருந்து அலுத்துப்போனவர்கள்தான். அந்த அலுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்றுதான் இந்தக் கடிதம்.

உளவியல் படிக்கும் என் மகளின் பாடங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த எரிச்சலும் வெறுப்பும் மனநல மருத்துவர்களுக்கே வருமாம்! அதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். லண்டனில் குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வும் செய்தவர் வின்னிகாட். நோயாளி மேல் வைத்தியருக்கு வெறுப்பு வருவது இயல்புதான், அதை உணராமல் இருப்பதில்தான் ஆபத்து என்று 1949-ல் வெளியான கட்டுரையில் சொன்னார். பெற்ற தாய்க்கே குழந்தை மேல் வெறுப்பு வர என்னென்ன காரணம் என்று அதில் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். நாம் யாராவது அதை வாய்விட்டுச் சொல்லியிருப்போமா?

1974-ல் மால்ட்ஸ்பெர்கர், பூயி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும்போது டாக்டரின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று எழுதினார்கள். 'நீயும் ஒருநாள் என்னைக் கைவிடுவாய்' என்ற பயமும், யார் யார் மேலோ இருந்த பழைய கோபமும் டாக்டர் மேல் திரும்பும். நோயாளி திட்டுவார், குறை சொல்வார், சீண்டிப் பார்ப்பார். அப்போது டாக்டருக்கு ஆத்திரம் வரலாம். 'இந்தக் கேஸே வேண்டாம்' என்று விலகவும் தோன்றலாம். இரண்டில் விலகல்தான் உயிருக்கு ஆபத்து. ஏனென்றால் அது வெளியில் தெரியாது. 'இப்ப நல்லாத்தான் இருக்காங்க' என்று சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்வதாகக்கூட வேஷம் போட்டு வரும். நொந்துபோன மனசு அதை உடனே மோப்பம் பிடித்துவிடும். 'நான் போனால் இவருக்கும் நிம்மதி' என்று கணக்குப் போட்டுவிடும்.

நம் வீட்டுக் கதையும் இதேதானே! "ஊருக்குப் போய் உங்க அம்மா வீட்ல நாலு மாசம் இரு" என்று அக்கறையாகச் சொல்வதில்கூட எவ்வளவு அலுப்பு ஒளிந்திருக்கிறது!

நல்ல டாக்டர் தன் கோபத்தை அனுபவமுள்ள மூத்த டாக்டரிடம் போய்ச் சொல்லி இறக்கிவைக்கிறார். பிறகு தெளிவாக வந்து நோயாளி முன் உட்காருகிறார். காவல் இருக்கும் அம்மாவும் அண்ணியும் எங்கே போய் இறக்கிவைப்பார்கள்? பக்கத்து வீட்டில் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். ஆஸ்பத்திரியிலோ, "ஜாக்கிரதையா பாத்துக்கோங்க" என்பதோடு சரி. நோயாளியோடு வருபவரைத் தனியே உட்கார வைத்து, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று ஐந்து நிமிஷம் கேட்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்பது என் கருத்து. டாக்டர் கேட்காவிட்டால் நாமே கேட்டு வாங்க வேண்டும். "எனக்கு இவ மேல கோபமா வருது டாக்டர்" என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

விலகாமல் இருந்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு சுமார் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. முதல் வகையில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்தான். பெரிய மருந்து எதுவும் கூடுதலாகத் தரவில்லை, கவனித்தீர்களா? டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தான காலம் என்கிறார்கள். நாமோ அப்போதுதான், 'அப்பாடா' என்று கண் அசருகிறோம்.

2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச அரசு உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம். தவிப்பவர்கள்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. காவல் இருந்து களைத்தவர்களும் கூப்பிடலாம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.