சல்லடையில் ஓட்டை தேடலாமா?

நிழற்படங்களைத் திருத்தித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நம் அங்கத்தினர் சிலரும் இப்பொழுது கையாளுகின்றனர். புடவைப் படத்தின் பின்னணியை மாற்றவும், மங்கிய படத்தைத் தெளிவாக்கவும் அவை உதவுகின்றன. ஆனால் தகாத படங்கள் உண்டாகாதிருக்க அவற்றில் வைத்துள்ள தடுப்பு, சில வேளைகளில் நியாயமான வேலையையும் மறுத்துவிடுவதுண்டு. இடுப்போ தோளோ சற்றுத் தெரிந்தால் புடவைப் படமும் தள்ளப்படலாம். உடனே, வார்த்தையை மாற்றிப் போட்டால் கருவி ஏமாந்துவிடும் என்று இளைஞர்கள் ஒருவருக்கொருவர் யுக்தி கற்பிக்கிறார்கள். இது கெட்டிக்காரத்தனமென்று மதிக்கப்படுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அந்த யுக்தி எங்கே கொண்டுபோய் விடுமென்பதை 2024 ஜனவரியில் உலகம் கண்டது. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பொய்யான ஆபாசப் படங்கள் எக்ஸ் தளத்தில் பரவின. அவற்றுள் ஒன்று மட்டுமே, அகற்றப்படுமுன் சுமார் 4 கோடியே 70 லட்சம் முறை பார்க்கப்பட்டது. பெயரைத் திரித்தும், ஆபாசச் சொல்லின்றிச் சுற்றி வளைத்து வர்ணித்தும் மைக்ரோசாஃப்ட் டிசைனர் கருவியைச் சிலர் ஏமாற்றி வந்தனரென்று பத்திரிகைகள் வெளியிட்டன. அந்நிறுவனம் பின்னர் தடுப்பை இறுக்கியது. உலகப் புகழ் பெற்றவருக்கே இக்கதி. 2023-இல் ஸ்பெயின் தேசத்து அல்மென்ட்ராலெஹோ என்னும் ஊரில் பள்ளிச் சிறுமியரின் சாதாரணப் படங்கள் இவ்வாறு கெடுக்கப்பட்டன. அங்கே கையாண்டது இதற்கென்றே செய்யப்பட்ட கருவி. தடுப்பென்பதே அதில் கிடையாது. செய்தவர்களும் சிறுவர்களே. அடுத்த ஆண்டு அவர்களில் 15 பேரை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

கருவி தவறாக மறுத்தால் என் செய்வது என்று கேட்கலாம். நல்ல துணியைச் சங்கத்தில் தரம் பார்ப்பவர் தவறாகத் தள்ளினால் நிர்வாகக் குழுவிடம் முறையிடுகிறோம். இரவோடிரவாக மூட்டைக்குள் செருகுவதில்லை. (செருகியவர்களும் உண்டு, அதனால் நேர்ந்ததைப் பழைய அங்கத்தினர் அறிவர்.) மேலும், ஓட்டை தேடுவோர் பெருகப் பெருக நிறுவனங்கள் சல்லடைக் கண்ணை இன்னும் சிறிதாக்கும். அதில் முதலில் சிக்குவது நமது புடவைப் படமே.

புடவையை மடித்து வைத்தோ கொடியில் விரித்தோ படமெடுத்தால் மறுப்புக்கு இடமிராது. சங்கத்திற்காகப் புடவை உடுத்தி நிற்கும் பெண்கள் நம் வீட்டு மக்கள். அவர்களைக் கேளாமல் அவர்கள் படத்தை எந்தக் கருவியிலும் ஏற்றலாகாது. எவரேனும் அப்படத்தைக் கெடுத்துப் பரப்பினால், வெட்கி மறைக்க வேண்டுவதில்லை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பற்றிய குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் தம் பெயரை வெளியிடாமலும் புகார் செய்யலாம்.