தளம் கட்டக் காசுண்டு, காக்க?

தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் இணையதளங்களைத் தாங்கிய ட்ரூபல் 7 மென்பொருளுக்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. 2011இல் வெளியான பதிப்பு அது. முதலில் விதித்த கெடு 2021 நவம்பர். பெருந்தொற்றைக் கருதி ஓராண்டு நீட்டினார்கள். பிறகு இன்னும் இரண்டு முறை. அப்படியும் ஏராளமான தளங்கள் பழைய பதிப்பிலேயே நின்றன. இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

2015இல் வந்த ட்ரூபல் 8, சிம்ஃபொனி என்ற கட்டமைப்பின் மேல் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டது. ஏழிலிருந்து எட்டுக்குப் போவதென்றால் வீட்டை இடித்துக் கட்டுவதுதான். பழைய மாட்யூல்கள், தீம்கள் எதுவும் அப்படியே செல்லாது. பெரிய நிறுவனம் ஆள் வைத்து மாற்றிக்கொள்ளும். கணக்கு எழுதுபவரே தளத்தையும் பார்த்துக்கொள்ளும் சிறு அமைப்பு எங்கே போகும்? ஒரு திட்டத்தின் நிதியில் தளம் எழும்புகிறது. திட்டம் முடிந்ததும் கட்டியவரும் போய்விடுகிறார். பாஸ்வேர்ட்கூடச் சில நேரம் அவரோடு போய்விடுகிறது.

அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7இல் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. ஏழு மணி நேரத்துக்குள் அடைக்கப்படாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. ஏழு மணி நேரம்! வாரத்தில் ஒருநாள் வரும் தன்னார்வலரால் அது முடியுமா? அத்தகைய தளத்தின் தரவுத்தளத்தில் இருப்பது நன்கொடையாளரின் முகவரி மட்டுமல்ல; அடைக்கலம் தேடி வந்த ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணும் இருக்கலாம்.

நிரல் யாருக்கும் திறந்திருந்ததால் ஒரு மாற்றுவழியும் பிறந்தது. 2013இல் சிலர் ட்ரூபல் 7இலிருந்து கிளை பிரித்து பேக்டிராப்பைத் தொடங்கினார்கள். முதல் பதிப்பு 2015 ஜனவரியில் வந்தது. சிறு அமைப்புகளை மனத்தில் வைத்தே அதை வளர்க்கிறார்கள். பழைய தளத்தை அங்கே கொண்டுபோக வழியும் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் இவ்வளவு பெரிய கருவி தேவையே இல்லை என்பது என் கருத்து. முகவரி, பணிகள், ஆண்டறிக்கை இவைதான் தளம் என்றால், ஹியூகோ, ஜெக்கில் போன்ற கருவிகளால் உருவாக்கும் நிலையான பக்கங்கள் போதும். அவற்றின் சர்வரில் உடைத்துத் திருடத் தரவுத்தளமே இருக்காது.

தளத்துக்கு நிதி தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விண்ணப்பத்தில் மூன்றாண்டுப் பராமரிப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.