சம்பூரும் நிலக்கரியும்

மின்நிலையம் தான் அமைந்துள்ள ஊருக்குத் தொண்டு புரிகின்றது என்பர். லிங்கநகரிலிருந்து கொட்டியாரக் குடாவின் மறுகரையை எண்ணிப் பார்ப்போர்க்கு இக்கூற்று எளிதிற் செரிப்பதன்று.

2006 ஏப்பிரிலில் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்கள் அகதிகளாய் அலைந்த அவ்வாண்டின் டிசெம்பரிலேயே, திருகோணமலையில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் உடன்பட்டன. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானி அறிவித்தது. பின்னர் மின்நிலையத்துக்கு இடமாகச் சம்பூரே குறிக்கப்பட்டது. உரியவர் முகாமில், உறுதி அவர் கையில், காணியோ பிறர் வசம். இவ்வரிசையில் 'சமூகம்' எங்கே கலந்தாலோசிக்கப்பட்டது?

இனி, இந்நிலையம் இயங்கும் முறையை நோக்குவோம். மாவாக அரைக்கப்பட்ட நிலக்கரி உலையில் எரிய, அவ்வெப்பத்தால் எழும் உயரழுத்த நீராவி சுழலியைச் சுழற்றுகின்றது. எனினும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்னாகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியை ஏற்கும் கடல்நீர் சூடேறிக் கடலுக்கே மீள்கின்றது. மகாவலி கலக்கும் அக்குடாவில் வலைவீசுவோர் இச்சூட்டைப் பற்றி வினவின், அதனை அறியாமை எனல் தகாது.

2011 முதல் இயங்கும் நுரைச்சோலை நிலையம் இன்று 900 மெகாவாற்று ஆற்றலுடையது. நாட்டின் மின்தேவையிற் கணிசமான பகுதியை ஈடுசெய்கின்றது. இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் காற்றடி காலத்தில் கரித்தூளும் சாம்பலும் தோட்டங்களிற் படிவதாக அயலவர் முறையிட்டு வந்துள்ளனர். மின்சாரம் கம்பிவழி கொழும்புக்குச் செல்லும். சாம்பல் ஊரிலேயே தங்கும்.

2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படாதென அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. வென்றோம் என மகிழ்ந்த சூழலியல் நண்பர்க்கும் ஒரு சொல். 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் இருளிலிருந்தோர் நாம். மின்நிலையமே வேண்டா எனல் வயிறு நிறைந்தோர் வாதம். எமது மறுப்பு கரிக்கு மட்டும் உரியதன்று, கேளாது எடுக்கும் வழக்கத்துக்கும் உரியது.

2025 ஏப்பிரிலில், அதே சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின்நிலையத்தை இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் தொடக்கிவைத்தனர். சூரிய ஒளி புகைவதில்லை, நன்று. ஆனால் அதற்கும் காணி வேண்டும், கரியினும் மிகுதியாகவே வேண்டும். மேய்ச்சல் தரைக்கு என்ன வழி, வேலை எவர்க்கு என்பனவற்றை மீளக் குடியேறிய குடும்பங்களுக்கு விளக்குதல் அதிகாரிகளின் கடன். அடுத்த ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், சம்பூர்ப் பாடசாலை மண்டபத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, தமிழில், அவர்தம் ஒப்புதலைக் கேட்கட்டும்.