பொனட்டுக்குள் படியும் உப்பு

ஈச்சிலம்பற்று போன்ற கடலோர ஊர்களில் காரின் வெளிப்புறத்தைப் பளபளவெனக் கழுவுகிறோம். பொனட்டைத் திறப்பதோ பழுதான பிறகுதான். கடற்காற்றின் உப்பு தூசியோடு உள்ளே படிந்து, ஈரத்தை இழுத்து, இரும்பையும் வயர் முனைகளையும் அரிக்கிறது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இருப்பதைக் காப்பதன் அருமையை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன.

மாதமொருமுறை இப்படிச் செய்யுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பெற்றரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி நீக்கி, சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை. பெற்றரி முனையில் பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த நீரால் துலக்கி, காய்ந்ததும் கிறீஸ் தடவுங்கள். ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம்.

குழாயால் நீர் பீய்ச்சாதீர்கள். வயர் இணைப்புகளுக்குள் ஈரம் இறங்கும். மண்ணெண்ணெயும் ஆகாது, ரப்பர் ஊதிப்போகும், தீப்பற்றும்.

இறுதியாக ஒன்று: எண்ணெய்த் துணியைக் கிணற்றடியில் அலசாதீர்கள். கார் சுத்தமாகி, பிள்ளைகள் குடிக்கும் நீர் கெட்டால் என்ன பயன்?