பெரியப்பாவின் பத்து லட்சமும் திராவிடின் நாலு கோடியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் பெரியப்பாவோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் ஐபிஎல் பேசிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பர் ஏலத்தில் 13 வயதுப் பையன் வைபவ் சூர்யவன்ஷி ஒரு கோடியே பத்து லட்சத்துக்குப் போனானே, அந்தப் பேச்சு. பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏல, அந்தத் துட்ட இப்ப யாரு வச்சிருப்பா?"

ஊரே 'எவ்வளவு' என்று வாயைப் பிளந்தபோது இவர் 'யாரு' என்று கேட்கிறார். அதற்குக் காரணம் இருக்கிறது.

பெரியப்பா வாலிபால் ஆட்டக்காரர். திருநெல்வேலிப் பக்கம் ராத்திரி முழுக்க டியூப்லைட் போட்டு நடக்கும் டோர்னமெண்ட்களில் ஆடி, அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரோ சொல்லி, 1972ல் பம்பாய்க்கு வந்தவர். செம்பூர் பக்கம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் வேலை. காலையில் கையெழுத்து, மத்தியானத்துக்கு மேல் பிராக்டீஸ். முட்டி தேய்ந்தபிறகு முழுநேர குமாஸ்தா. 30 வருஷம் இப்படி ஓடி, 2002ல் விருப்ப ஓய்வு வாங்கினார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கையில் பதினோரு லட்சம். அந்த வீட்டில் அதுவரை யாரும் ஒரு லட்சத்தை மொத்தமாகப் பார்த்ததில்லை.

செக் வந்த மாசமே பழைய டீம் நண்பர் ஒருவர் வந்தார். இவருக்கு வலையோரத்தில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர். வாலிபால் தெரிந்தவர்களுக்குப் புரியும், அடிக்கிறவன் பந்தைப் பார்த்து எகிறுவதில்லை. லிஃப்டரின் விரலை நம்பி முன்னாலேயே எகிறிவிடுவான். அப்படி 15 வருஷம் எகிறியிருக்கிறார் பெரியப்பா. நண்பர் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் படிவத்தோடு வந்திருந்தார். ஆண்டுக்கு 24 சதவீதம். பத்து லட்சம் போட்டால் மாசம் இருபதாயிரம். வங்கியில் போட்டால் ஏழாயிரம் கூட வராது.

அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். எம்.பி.ஏ. முடித்துவிட்டு அவர் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். பெரியம்மா சமையல்கட்டிலிருந்து, "நீ படிச்சவன்லா, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன். 24 சதவீதம் எங்கிருந்து வரும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

14 மாசம் செக் ஒழுங்காக வந்தது. பதினைந்தாவது திரும்பி வந்தது. அப்புறம் கம்பெனி வாசலில் கூட்டம், போலீஸ் புகார், வழக்கு. முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று மகாராஷ்டிராவில் 1999லேயே சட்டம் இருக்கிறது. சட்டப்படி எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த வழியாகக் கைக்கு வந்தது ஒரு லட்சத்துக்கும் கீழே. அக்கா கல்யாணத்துக்குச் செம்பூர் வீடு போனது. இப்போது தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். 74 வயதில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டு வீரர்கள் ஓய்வுக்குப் பிறகு பணத்தைத் தொலைக்கும்போதெல்லாம் நாம் சொல்வது ஒன்றுதான்: பேராசை, படிப்பில்லை, ஆடம்பரம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ராகுல் திராவிடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடம்பரம் என்று யாராவது அவரைச் சொல்ல முடியுமா? அவுட்சைடு ஆஃப் ஸ்டம்ப் பந்தை நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருந்த மனுஷன். 2018 மார்ச்சில் பெங்களூருவில் விக்ரம் இன்வெஸ்ட்மெண்ட் என்ற கம்பெனி மாட்டியது. கமாடிட்டி வர்த்தகத்தில் பெரிய லாபம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கியிருந்தார்கள். திராவிட் போலீசில் கொடுத்த புகார்படி, அவர் போட்டது 20 கோடி, திரும்பி வந்தது 16 கோடி, வராதது 4 கோடி. பணம் போட்டவர்கள் பட்டியலில் சாய்னா நேவால், பிரகாஷ் படுகோனே பெயர்களும் செய்திகளில் வந்தன. இவ்வளவு பேரை உள்ளே கொண்டுவந்ததாகக் கைதானவர்களில் ஒருவர் முன்னாள் விளையாட்டுப் பத்திரிகையாளர். வருஷக்கணக்கில் பெவிலியனில் பார்த்த முகம், பேட்டி எடுத்தவர். அங்கேயும் ஒரு லிஃப்டர்!

திராவிட் தாங்கிக்கொண்டார். அவருக்குக் கோச் வேலை இருந்தது, பெயர் இருந்தது. அதே கணக்கை ரஞ்சி மட்டும் ஆடிய ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள்.

உசைன் போல்ட் கதை இன்னும் மோசம். அவர் எந்தச் சூதாட்டத்துக்கும் போகவில்லை. ஓய்வுக்காலத்துக்கும் பெற்றோருக்கும் என்று கிங்ஸ்டனில் ஸ்டாக்ஸ் அண்ட் செக்யூரிட்டீஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில் 2012லிருந்து கணக்கு வைத்திருந்தார். 2023 ஜனவரியில் பார்த்தால் ஒரு கோடியே 27 லட்சம் டாலரைக் காணோம், மீதி 12,000 டாலர் என்றார் அவரது வழக்கறிஞர். உலகத்திலேயே வேகமாக ஓடியவர், பணம் ஓடியது தெரியவில்லை.

தெரிந்தே ரிஸ்க் எடுத்தவர்களும் உண்டு. 1997ல் ஷார்ஜாவில் இங்கிலாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆடம் ஹோலியோக் ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் ரியல் எஸ்டேட்டில் இறங்கி 2011ல் திவாலாகி, அடுத்த வருஷம் கூண்டுச் சண்டைக்குப் போனார். 26 வயதில் ஓய்வு பெற்ற போர்க், சொந்த பிசினஸ் கவிழ்ந்து, 2006ல் ஐந்து விம்பிள்டன் கோப்பைகளையும் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

'நிறைய சம்பாதித்தவர்கள் தப்பித்திருப்பார்கள்' என்று தோன்றும். அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் சிலர் 2015ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1996லிருந்து 2003 வரை அமெரிக்கக் கால்பந்து லீகில் சேர்ந்தவர்களில், ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் கிட்டத்தட்ட 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டிருக்கிறார்கள். எனக்கு உறைத்தது அடுத்த வரி. அதிக வருஷம் ஆடியவர்களுக்கும் அதிகம் சம்பாதித்தவர்களுக்கும் இந்த ஆபத்து பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அப்படியென்றால் கோளாறு தொகையில் இல்லை. வாழ்நாள் சம்பாத்தியம் முழுக்க நாலைந்து வருஷத்தில் ஒருவன் மடியில் வந்து விழுகிறதே, அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒருவர் போனார். பாபி போனிலா என்ற பேஸ்பால் ஆட்டக்காரர். 2000ல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரைக் கழற்றிவிடும்போது 59 லட்சம் டாலர் தரவேண்டியிருந்தது. 'இப்போது வேண்டாம், வட்டியோடு தவணையில் கொடு' என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். 2011லிருந்து 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ம் தேதியும் அவருக்கு ஏறக்குறைய 11.9 லட்சம் டாலர். ஆடி முடித்துக் காலம் எத்தனையோ ஆகிவிட்டது, செக் வந்துகொண்டிருக்கிறது. கையில் தங்கிய பணத்தை வைத்து இன்னும் நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று நினைத்த அணி முதலாளிகள் பணம் போட்டிருந்த இடம் எது தெரியுமா? பெர்னி மேடாஃப். 2008 டிசம்பரில் அவர் கைதானார். இதை எங்கள் ஆபீஸில் சொன்னால் யாரும் நம்புவதில்லை :-)

நம்ம பம்பாயில் இந்தத் தவணை ஏற்பாடு வேறு பெயரில் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பெயர் வேலை. கவாஸ்கரும் ரவி சாஸ்திரியும் நிர்லான் கம்பெனிக்காரர்கள். அஜித் வடேகர் ஸ்டேட் பாங்க் அதிகாரி. டைம்ஸ் ஷீல்டு என்றால் ஆபீஸுக்கு ஆபீஸ் நடக்கும் கிரிக்கெட். ஹாக்கியில் நம்ம தன்ராஜ் பிள்ளை, கட்கியிலிருந்து பம்பாய் வந்தது செம்பூர் ஆர்.சி.எஃப். அணியில் ஆடிக்கொண்டிருந்த அண்ணன் ரமேஷை நம்பித்தான். பிறகு மஹிந்திரா, இந்தியன் ஏர்லைன்ஸ். பெரிய பணம் இல்லை. ஆனால் மாசம் முதல் தேதி சம்பளம், பி.எஃப்., காய்ச்சல் வந்தால் கம்பெனி டாக்டர். இன்றைக்கு ஐபிஎல், புரோ கபடி ஏலங்களில் போகும் பையன்களில் எத்தனை பேர் ஆபீஸ் வேலையை நினைத்துப் பார்ப்பார்கள்? ஒப்பந்தம் முடிந்தால் கதை முடிந்தது.

பெரியப்பாவுக்கும் அந்த வேலை 30 வருஷம் சோறு போட்டது. அவர் விழுந்தது, மாசாமாசம் வந்துகொண்டிருந்தது நின்று மொத்தமாக ஒரு செக் வந்த அன்றைக்கு.

வினோத் காம்ப்ளியைப் பற்றிச் சொல்லாமல் பம்பாயில் இந்தப் பேச்சு முடியாது. அவர் கதை முதலீட்டுக் கதை இல்லை, அதில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை. 17 டெஸ்ட், சராசரி 54.20, கடைசி டெஸ்ட் ஆடும்போது வயது 23. வாரியம் தரும் 30,000 ரூபாய் ஓய்வூதியம்தான் தன் வருமானம் என்று 2022 ஆகஸ்டில் அவரே சொன்னார். நான் கவனித்தது வேறு. 2025ல் கவாஸ்கரின் அறக்கட்டளை அவருக்கு உதவ முன்வந்தபோது பெரிய செக் ஒன்றை மேடையில் நீட்டவில்லை. மாசம் 30,000 என்று ஏற்பாடு செய்தது. நிர்லானில் சம்பளம் வாங்கியவருக்கு அந்த அருமை தெரிந்திருக்கிறது.

அதனால் நான் சொல்வது இது. ஐபிஎல் ஆகட்டும், கபடி ஆகட்டும், ஒப்பந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் கொடுக்கக் கூடாது. ஒரு ஓய்வூதிய நிதியில் போட்டு, 40 வயதிலிருந்து மாசாமாசம் கொடுக்க வேண்டும். பையன் கேட்டாலும், அப்பா வந்து அழுதாலும் முன்னாடி கொடுக்கக் கூடாது. 'அவன் பணம், அவன் இஷ்டம்' என்பீர்கள். நம்ம சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கும்போது யாராவது நம்மைக் கேட்டார்களா? அந்தப் பிடித்தத்தைத் திட்டிக்கொண்டே வீடு வாங்கியவர்கள்தானே நாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களைச் சொல்லிச் சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. டிரஸ்ஸிங் ரூமில் வளர்ந்தவனுக்கு உலகமே 15 பேர்தான், அந்த 15 பேரில் ஒருவன் சொன்னால் அது வேதம். ஊர்விட்டு வந்த நாம் எப்படி இருக்கிறோம்? செட்டா நகர் முருகன் கோயில் வாசலில் ஒருவர் வந்து, "சாருக்கு எந்த ஊர்?" என்று ஆரம்பித்தால் பாதிக் கதவு திறந்துவிடுகிறது. நம்ம தாலுகா என்றால் மீதியும். தாராவியில் சீட்டு நடத்துகிறவரிடம் ரசீது கேட்டால், "என்ன, நம்பிக்கை இல்லையா?" என்று அவர் முகம் வாடும், அதைப் பார்க்கச் சகிக்காமலேயே பல பேர் கேட்பதில்லை. (அதே முகவாட்டத்துக்குப் பயந்துதான் நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வந்தவர் சட்டைப்பையில் எனக்கென்று ஒரு சாக்லேட் பெட்டி வேறு.) ஆருத்ராவில் பணம் போட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேரையும், 2025 ஜனவரியில் தாதரில் டோரஸ் நகைக்கடை வாசலில் முட்டிமோதிய காய்கறிக்காரர்களையும் கேட்டால் பெரும்பாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்: தெரிஞ்சவர் சொன்னாருங்க.

சூர்யவன்ஷியின் பணம் யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. "அவங்கப்பா பாத்துக்குவாரு பெரியப்பா" என்றேன்.

"அப்பாவுக்கு ஒரு சேக்காளி இருப்பாம்லா" என்றார்.

காபிக்குக் காசு கொடுத்துவிட்டு ஃபைவ் கார்டன்ஸ் வரை நடந்தோம். அங்கே ஒரு பெஞ்சில் அந்த லிஃப்டர் மாமா உட்கார்ந்திருந்தார். அவர் போட்டது எட்டு லட்சம், மனைவி நகையும் சேர்த்து. கமிஷன் வாங்கினாரா என்று பெரியப்பா இதுவரை கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பெரியப்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார், இவர் அதைப் பார்க்காமலேயே கையை விட்டுக் கடலையை எடுத்துக்கொண்டார்.