குதிரைக்காரர் 'திறனற்ற' தொழிலாளியா?



கிண்டி ரேஸ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பாய்ந்து ஓடுகிற குதிரை, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஜாக்கி, வேலியோரம் நின்று கத்துகிற கூட்டம். ரேஸ் புத்தகத்தைப் புரட்டினால் குதிரையின் பெயர் இருக்கும். அதன் தாய் தகப்பன் பெயர் இருக்கும். முதலாளி, டிரெய்னர், ஜாக்கி எல்லார் பெயரும் இருக்கும். அந்தக் குதிரைக்குத் தீனி வைத்து, தண்ணி காட்டி, உடம்பு தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, சாணி அள்ளி, ராத்திரியில் இருமினால் எழுந்து போய்ப் பார்க்கிற ஆளின் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. அவருக்கு 'சைஸ்' என்று பெயர். நம்ம பேச்சில் குதிரைக்காரர்.

அவருடைய கூலியைப் பற்றி ஒரு பாலிடெக்னிக் ஆண்டு மலரில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. படிப்பு முடிந்து வெளியே போனால் 'ஸ்கில்டு', 'செமி ஸ்கில்டு', 'அன்ஸ்கில்டு' என்ற மூன்று பட்டியலில் ஏதோ ஒன்றில் நம்மையும் நிறுத்தப் போகிறார்கள். எந்தப் பட்டியலோ அதற்கேற்ற சம்பளம். ஆகவே ஒரு வேலையைத் 'திறனற்றது' என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது நம்ம பிரச்சினையும்தான்.

'சாணி அள்ளுற வேலைக்கு என்ன பெரிய திறமை?' என்பார்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு பந்தயக் குதிரை சுமார் 450 முதல் 500 கிலோ எடை. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மட்டும் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அளவு தப்பித் தீனி போட்டால் வயிற்றுவலி வரும். அது முற்றினால் சில மணி நேரத்தில் குதிரை செத்துப்போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். சாணியின் நிறம் பார்த்து, தண்ணி எவ்வளவு குடித்தது என்று பார்த்து, காது நிற்கிற விதம் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிறவர் குதிரைக்காரர். டாக்டர் வருவது அதற்கப்புறம்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பேரிங் சூடாகிறதா என்று கை வைத்துப் பார்ப்போமே, அதுபோல அவர் தினமும் குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்க்கிறார். தசைநாரில் லேசாகச் சூடு தெரிந்தாலும் அன்று ஓடவிடக் கூடாது. அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்காமல் விட்டால் பல லட்ச ரூபாய்க் குதிரை நொண்டியாகிவிடும். இதை நாம் 'பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்' என்று பாடமாகப் படிக்கிறோம். அவர் லாயத்தில் வருஷக்கணக்கில் நின்று கற்றுக்கொண்டார். சர்டிபிகேட் இல்லை என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

இந்தத் திறமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம தமிழ்நாட்டுச் சரித்திரமே சாட்சி. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதிவைத்திருக்கிறார். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. பக்குவமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் இல்லாததால் பெரும்பாலானவை செத்தன. மறுபடியும் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். அரசனிடம் பொன்னுக்குக் குறைவில்லை. கைத்திறன் உள்ள ஆளுக்குத்தான் பஞ்சம்!

இனி வேலை நேரத்துக்கு வருவோம். விடியுமுன்பே லாயம் விழித்துவிடும். வெயில் ஏறுமுன் ஓட்டப் பயிற்சி முடிய வேண்டும். அப்புறம் குளியல், தீனி, படுக்கை மாற்றுவது. மத்தியானம் ஓர் இடைவெளி. சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம்தானே என்று கணக்குக் காட்டலாம். ஆனால் அந்த நடு இடைவெளி அவருடையதா? வேறு வேலைக்குப் போக முடியாது, வீடு தூரமாக இருந்தால் போய் வரவும் முடியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இந்தத் தந்திரத்தை அன்றைக்கே யோசித்து, இடைவெளியையும் சேர்த்து ஒரு நாளில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆளைக் கட்டிப்போடக் கூடாது என்று வரம்பு போட்டது. லாயம் தொழிற்சாலை இல்லையே! குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பது உண்மைதான். அதற்காகக் குதிரைக்காரருக்கும் கிடையாது என்றால் எப்படி? மாற்று ஆள் போட்டால் தீர்ந்தது.

உதை வாங்குவது, கடி வாங்குவது, மிதிபடுவது இந்த வேலையில் சகஜம். லாயத்து மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியும் வைக்கோல் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். காயத்தில் சாணி மண் பட்டால் டெட்டனஸ் பயம். ஒரு குதிரைக்கார அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தபோது விரலைக் காட்டினார், ஒன்று வளைந்து ஒட்டியிருந்தது. "உடைஞ்சப்போ நாங்களே துணி கட்டிக்கிட்டோம் தம்பி. ஒரு நாள் போகலைன்னா அந்த நாள் கூலி போச்சு" என்றார். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ரேஸ் கிளப்புகளுக்கு ஈ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. சிக்கல் எங்கே என்றால், குதிரைக்காரர் பெரும்பாலும் கிளப்பின் ஆள் இல்லை. குதிரை முதலாளியுடையது. லாயம் கிளப்புடையது. வேலைக்கு வைப்பது டிரெய்னர். முதலாளி மாதா மாதம் டிரெய்னருக்குப் பணம் கட்டுகிறார், அதிலிருந்து குதிரைக்காரருக்குக் கூலி. கூலி உயர்வு கேட்டால் டிரெய்னர் முதலாளியைக் காட்டுவார், முதலாளி கிளப்பைக் காட்டுவார், கிளப் டிரெய்னரைக் காட்டும். மூன்று பேரும் சேர்ந்து நடத்துகிற தொழிலில் தொழிலாளி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை!

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லிருந்து இருந்தாலும், அட்டவணையில் பெயர் உள்ள தொழில்களுக்குத்தான் அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது. திறனைப் பார்த்துக் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, குதிரைக்காரரை எந்தப் பட்டியலில் வைப்பது என்ற கேள்வி இப்போதுதான் சூடாக இருக்க வேண்டும்.

'பந்தயமே சூதாட்டம், அதில் வேலை செய்பவனுக்காகப் பரிந்து பேசுவதா?' என்று சில நண்பர்கள் கேட்பார்கள். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு நடந்து, 1996-இல் சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பியது அல்ல, திறமையை நம்பியது என்று தீர்ப்புக் கொடுத்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஓடுகிற குதிரையின் திறமையை உண்டாக்கியதில் குதிரைக்காரர் கைக்குப் பங்கு இல்லையா? கோர்ட்டில் 'திறமை' என்று வாதாடிவிட்டு, சம்பளப் பட்டுவாடாவில் 'திறனற்றவன்' என்றால் என்ன நியாயம்? பந்தயமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. 2024-இல் உதகையில் 52 ஏக்கர் பந்தய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையையும் ரத்து செய்தது. பூங்கா வரட்டும், குளம் வரட்டும். குதிரையை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பலாம். குதிரைக்காரர் குடும்பத்தை?

'பந்தய வரி 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது, பணம் எங்கே?' என்பது இன்னொரு வாதம். கொள்ளு விலை ஏறினால் குதிரைக்குத் தீனியைக் குறைக்கிறார்களா? குறைத்தால் ஓடாது என்று தெரியும். தீனிச் செலவைப் போலக் கூலியும் குறைக்க முடியாத செலவுதான்.

இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்ற ஊர் பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போனது. அங்கேயும் லாயத் தொழிலாளர் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. 1975-இல் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். பந்தய நாளன்று மைதானத்திலேயே மறியல். வில்லி கார்சன் என்ற பிரபல ஜாக்கியைக் குதிரையிலிருந்து இழுத்துத் தள்ளும் அளவுக்குப் போயிற்று. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் லாயத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் உருவாகி, டிரெய்னர்கள் அமைப்புடன் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலி பேசுகிற வழக்கம் நிலைத்தது.

நம்ம ஊரில் மறியல் வரைக்கும் போவானேன்? மூன்று காரியம் செய்தால் போதும். ஒன்று, டிரெய்னருக்கு லைசென்ஸ் கொடுப்பது கிளப். கூலிப் பதிவேடும் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். ரசீதும் காட்டினால்தான் லைசென்ஸ் புதுப்பிப்போம் என்று நிபந்தனை போடட்டும். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்ற நியாயத்தை 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. இரண்டு, அனுபவத்தில் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அதைக் குதிரைக்காரருக்கும் லாடம் கட்டுபவருக்கும் கொடுத்து, 'ஸ்கில்டு' பட்டியலில் ஏற்ற வேண்டும். மூன்று, வாரத்தில் ஒரு நாள் கூலியுடன் ஓய்வு, அன்றைக்கு மாற்று ஆள்.

தோழர்களே! நாம் டிப்ளமோ வாங்கப் போகிறவர்கள். நம்ம கையில் ஒரு தாள் இருக்கும், அதைக் காட்டிக் கூலி கேட்போம். கையில் தாள் இல்லாமல், கையிலேயே தொழிலை வைத்திருப்பவர் கேட்கும்போது "நீ அன்ஸ்கில்டு" என்று சொல்கிற நாற்காலியில் நாளைக்கு நம்மில் சிலர் உட்காரப் போகிறோம். அப்போது அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிஷம் யோசிப்போம்.