மஜ்ஜை தானமும் நமது கடமையும்

தேகமானது தன்னுடையது எது, அந்நியமானது எது என்று எவ்வாறு பிரித்தறிகிறது? இது வைத்திய சாஸ்திரிகளின் கவலை என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. தலசீமியா, ரத்தப் புற்றுநோய் முதலிய வியாதிகளால் பீடிக்கப்பட்ட அநேகருடைய உயிர் இவ்விஷயத்தைப் பொறுத்து நிற்கிறது.

ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூல அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் வாசம் செய்கின்றன. நோயுற்ற மஜ்ஜையை மருந்துகளால் அழித்து, பிறருடைய மூல அணுக்களை ரத்தக் குழாய் வழியே செலுத்துவது சிகிச்சை. வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் இது 1986 முதல் நடந்து வருகிறது. ஆயினும் ஒவ்வோர் அணுவின்மீதும் எச்.எல்.ஏ. என்னும் குல முத்திரை பதிந்திருக்கிறது. பாதி தந்தை வழி, பாதி தாய் வழி. முத்திரை பொருந்தாவிடில், நோயாளியிடம் எஞ்சியுள்ள காவல் அணுக்கள் புதியவற்றைக் கொன்றுவிடும். இதற்கு நேர்மாறான அபாயமும் உண்டு. வந்த மஜ்ஜை தன் சேனையையும் உடன் கொண்டு வருகிறதல்லவா? அச்சேனை, ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதுபோல், நோயாளியின் தோலையும் ஈரலையும் குடலையும் தாக்கத் தொடங்கும். அதே சேனைதான் ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் வேட்டையாடுகிறது. ஆகவே அதை அடியோடு நிராயுதபாணியாக்கவும் வைத்தியர்கள் துணிவதில்லை.

உடன்பிறந்தார் ஒருவரின் முத்திரை முற்றும் பொருந்துவது நாலில் ஒரு பங்கே. ஓரிரு குழந்தைகளோடு நிற்கும் இக்காலக் குடும்பங்களில் அதற்கும் வழியில்லை. பாதி பொருந்திய உறவினரின் மஜ்ஜையைக் கொண்டும் இன்று சிகிச்சை செய்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் முற்றும் பொருந்தியவரைத் தேடும் அவசியம் ஒழிந்தபாடில்லை. உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 140 கோடி ஜனங்கள் வாழும் நம் தேசத்தின் பங்கோ சில லக்ஷங்களே! வெள்ளையர் நிறைந்த பதிவேட்டில் நம்மவருக்குப் பொருத்தம் கிடைப்பது அரிது. தலைமுறை தலைமுறையாக ஜாதிக்குள்ளேயே மணம் புரிந்து வந்த நாடு இது. மதுரை காமராஜர் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனும் அவருடைய சகாக்களும் பிரமலைக் கள்ளர் முதலிய தமிழ்நாட்டு வகுப்பாரின் ரத்தத்தை 1980-களிலேயே ஆராய்ந்து, வகுப்புக்கு வகுப்பு இம்முத்திரைகள் வேறுபடுவதை எடுத்துக் காட்டினார்கள். உசிலம்பட்டி நோயாளிக்கு லண்டனில் தேடுவதைவிடச் செக்கானூரணியில் தேடுவதே விவேகம். சுதேசியத்துக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

பெயர் கொடுக்க 18 முதல் 50 வயதுக்குட்பட்டவராய், தேகாரோக்கியம் உள்ளவராய் இருந்தால் போதும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டியதுதான். பொருந்தினால், சில நாள் ஊசி போட்டபின் பெரும்பாலும் கை ரத்தத்திலிருந்தே அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். முதுகுத்தண்டைத் துளைப்பார்கள் என்பது வீண் பீதி.

பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவர்களைப் பற்றி என் சொல்வது! நோயாளியின் மஜ்ஜையை அழித்த பின்னர் அவர் மறுத்தால், அது கொலைக்கு ஒப்பாகும். வீட்டாரைக் கலந்து, உறுதி செய்துகொண்ட பிறகே பெயர் கொடுங்கள். பொதுஜன ஊழியர்கள் மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்று இதை விளக்கட்டும். முத்திரைப் பரிசோதனையின் செலவு முழுவதையும் சர்க்கார் ஏற்க வேண்டும். இதைச் சட்டசபையில் கேட்பார்களா நம் ஜில்லாப் பிரதிநிதிகள்?